7 அங்குல ரிம்மா, 8 அங்குல ரிம்மா: ஆட்டோகிராஸுக்கு வீல்-டயர் ஜோடிகளை ஒப்பிடும் செய்முறை

ஆட்டோகிராஸ் என்பது கோன் வைத்த பாதையில் ஒவ்வொரு காராக ஓடி நேரத்தைக் குறைக்கும் போட்டி. ஓர் ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பாதை முழுக்கக் கோன்கள், பெரும்பாலும் இரண்டாவது கியர், வேகம் 100 கி.மீ.யைத் தாண்டுவது அரிது. டயர் சூடேற நேரம் கிடைக்காது. கார் இடமும் வலமும் மாறி மாறிச் சாய்ந்துகொண்டே இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பிய நொடியில் டயர் பிடிக்கிறதா, அரை நொடி கழித்துப் பிடிக்கிறதா என்பதில்தான் நேரம் போகிறது. அகலமான டயர் வாங்கி, கையில் இருக்கும் ரிம்மிலேயே மாட்டினால் போதும் என்ற கணக்கு இங்கேதான் தவறுகிறது.

இந்தப் பதிவுக்கு எடுத்துக்கொண்டது சுமார் 1,050 கிலோ எடையுள்ள, முன்சக்கரம் இழுக்கும், முன்னால் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன் (சக்கரத்துக்கு உள்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு) வைத்த சின்ன ஹேட்ச்பேக். வேறு காராக இருந்தாலும் கணக்குப் போடும் முறை ஒன்றுதான், எண்கள்தான் மாறும். ஒப்பிடும் ஜோடிகள் நான்கு:

1. 15×7 ரிம், ஆஃப்செட் 35, டயர் 205/50ஆர்15
2. அதே 15×7 ரிம்மில் 225/45ஆர்15
3. 15×8 ரிம், ஆஃப்செட் 25, டயர் 225/45ஆர்15
4. 16×7 ரிம், ஆஃப்செட் 35, டயர் 205/45ஆர்16

15×7 என்றால் ரிம்மின் விட்டம் 15 அங்குலம், அகலம் 7 அங்குலம். 205/50ஆர்15 என்றால் டயரின் அகலம் 205 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 50 சதவீதம் (இதுதான் விகிதம்), ரிம் விட்டம் 15 அங்குலம். ஆஃப்செட் என்பது ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (சக்கரம் மாட்டும் மையப் பகுதியில்) உட்காரும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது என்ற அளவு.

வாங்குவதற்கு முன்பே போட்டியின் விதிப்புத்தகத்தில் உங்கள் வகுப்புக்கான பக்கத்தைப் படித்துவிடுங்கள். கம்பெனியிலிருந்து வந்த ரிம் அகலத்தை மாற்றவே கூடாது என்று சில வகுப்புகளில் விதி உண்டு. டயரின் ட்ரெட்வேர் எண் (தேய்மானத்தை எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண், பொதுவாகக் குறைந்தால் ரப்பர் அதிகம் ஒட்டும்) 200-க்குக் குறையக் கூடாது என்பது பல இடங்களில் உள்ள விதி. அந்த எண் டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும். ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணைப் போடுவது டயர் கம்பெனியே. இரண்டு கம்பெனிகளின் 200-ஐப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே அளவு ஒட்டும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் காகிதத்தில்

டயரின் மொத்த விட்டம் = ரிம் விட்டம் × 25.4 + 2 × அகலம் × விகிதம். 205/50ஆர்15-க்கு 381 + 205 = 586 மி.மீ. 225/45ஆர்15-க்கு 583.5. 205/45ஆர்16-க்கு 591. மூன்றுக்கும் நடுவே ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலான வித்தியாசம்தான்.

கியரில் இது என்ன செய்யும்? இரண்டாவது கியர் விகிதம் 1.90, ஃபைனல் டிரைவ் 4.30, எஞ்சினின் உச்சம் 7,000 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்வோம். 7,000-ஐ 1.90 × 4.30-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 857 சுற்று சுற்றும். எடை ஏறிய டயர் உருளும் சுற்றளவை வெறும் சுற்றளவில் 97 சதவீதமாக எடுத்தால், இரண்டாவது கியரில் 586 மி.மீ. டயர் 91.8 கி.மீ. வரை போகும், 583.5 மி.மீ. டயர் 91.4 வரை, 591 மி.மீ. டயர் 92.6 வரை. இந்த நான்கு ஜோடிகளுக்குள் கியரை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

அதுவே 16 அங்குல ரிம்முக்கு 205/50 வாங்கிவிட்டால் விட்டம் 611 மி.மீ. ஆகிவிடும். உச்ச வேகம் 95.8-க்கு ஏறும், ஆனால் ஒவ்வொரு வளைவிலிருந்து வெளியேறும்போதும் இழுவையில் 4 சதவீதம் குறையும். பாதை நெருக்கமாக இருந்தால் இது நன்றாகவே தெரியும். அந்த 95 கி.மீ.யை எட்டும் நேர்ப்பாதை பாதையில் உண்டா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது ஆஃப்செட். ஹப் முகத்திலிருந்து ரிம்மின் உள் விளிம்பு வரை = ரிம் அகலத்தில் பாதி + ஆஃப்செட். வெளி விளிம்பு வரை = பாதி − ஆஃப்செட். 7 அங்குலம், ஆஃப்செட் 35 என்றால் உள்ளே 123.9 மி.மீ., வெளியே 53.9. 8 அங்குலம், ஆஃப்செட் 25 என்றால் உள்ளே 126.6, வெளியே 76.6. ரிம் உள்ளே 2.7 மி.மீ.யும் வெளியே 22.7 மி.மீ.யும் நகர்கிறது.

ஆனால் ஸ்ட்ரட்டில் முதலில் உரசப் போவது ரிம் அல்ல, டயரின் புடைத்த வயிறு. ரிம் அரை அங்குலம் அகலமானால் டயரின் வெட்டகலம் (புடைத்த இடத்தின் அகலம்) சுமார் 5 மி.மீ. கூடும். டயரின் அகலத்தை அளக்கக் கம்பெனி வைத்துக்கொள்ளும் ரிம் அகலம் 205/50 டயருக்கு 6.5 அங்குலம், 225/45 டயருக்கு 7.5. ஆகவே 205 டயர் 7 அங்குல ரிம்மில் ஏறக்குறைய 210 மி.மீ.யாகவும், 225 டயர் 8 அங்குல ரிம்மில் ஏறக்குறைய 230 மி.மீ.யாகவும் நிற்கும். முதல் ஜோடியின் உள்பக்கம்: 105 + 35 = 140. மூன்றாவதன் உள்பக்கம்: 115 + 25 = 140. டயரின் உள்முகம் ஒரு மில்லிமீட்டர்கூட அசையவில்லை, கூடிய 20 மி.மீ. முழுதும் வெளியே போய்விட்டது. 8 அங்குலத்துக்கு ஆஃப்செட் 25-ஐத் தேர்ந்தெடுத்த காரணம் இதுதான். அதே 35-ஐ வைத்திருந்தால் ஸ்ட்ரட்டில் 10 மி.மீ. இடைவெளி போயிருக்கும், பல கார்களில் அங்கே இருப்பதே அவ்வளவுதான்.

இதற்கும் ஒரு விலை உண்டு. டயரின் நடுக்கோடு 10 மி.மீ. வெளியே போவதால் ஸ்க்ரப் ரேடியஸும் (சக்கரம் திரும்பும் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம்) அந்த அளவு மாறும். முன்சக்கரம் இழுக்கும் காரில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஸ்டியரிங் கையை இழுக்கும், மேடுபள்ளத்தில் உதறும். 10 மி.மீ. தாங்கக்கூடியதே. ஆஃப்செட் 10, 0 என்று இறங்கினால் டயர் ஃபெண்டரை விட்டு வெளியே நிற்பதோடு ஸ்டியரிங்கும் முரடாகிவிடும்.

காரில் மாட்டிப் பார்ப்பது

டயர் வாங்குவதற்கு முன் வெறும் ரிம்மை மாட்டிப் பாருங்கள். நான்கு இடங்களைச் சரிபார்க்க வேண்டும்.

பிரேக் காலிப்பருக்கும் ரிம்மின் உள்பீப்பாய்க்கும், காலிப்பருக்கும் ஸ்போக்குகளுக்கும் குறைந்தது 3 மி.மீ. இருக்க வேண்டும். பேலன்ஸுக்கு ஒட்டும் ஈயத்துண்டும் அந்த இடைவெளிக்குள்தான் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் ஓட்டத்திலேயே காலிப்பர் அதைச் சுரண்டி எடுத்துவிடும், பிறகு ஸ்டியரிங் நடுங்குவதற்கு வேறெங்கோ காரணம் தேட வேண்டிவரும்.

நட்டின் இருக்கை அடுத்தது. கூம்பு வடிவமா, பந்து வடிவமா என்று ரிம்மின் துளையையும் நட்டையும் சேர்த்துப் பாருங்கள். பந்து இருக்கையில் கூம்பு நட் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொடும். டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுகியதும் சொடுக்கும் ஸ்பேனர்) சரியென்று சொடுக்கும், ஆனால் சில ஓட்டங்களில் நட் தளர்ந்துவிடும்.

மூன்றாவது, ஸ்டட்டில் (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும், நட் ஏறும் மரைக்கம்பியில்) நட் ஏறும் ஆழம். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு ஆழமாவது ஏற வேண்டும். 12×1.5 ஸ்டட்டுக்கு (விட்டம் 12 மி.மீ., ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. ஏறும் மரை) 8 முழுச் சுற்று, 12×1.25-க்கு 10 சுற்று. கையால் திருகி எண்ணுங்கள். 5 மி.மீ. ஸ்பேசர் போட்டாலே மூன்று சுற்றுக்கு மேல் போய்விடும். எண்ணிக்கை குறைந்தால் நீள ஸ்டட் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

நான்காவது ஹப் துளை. கார் ஹப் 56.1, ரிம் துளை 73.1 என்றால் நடுவே அதற்கான வளையம் வேண்டும். கூம்பு நட் தானே நடுவில் கொண்டுவந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் மைதானத்து ஓரத்தில் அவசரமாக டயர் மாற்றும்போது வளையம் இருந்தால்தான் வீல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காரும்.

டயர் ஏறிய பிறகு உரசல் சோதனை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஜாக்கியால் சக்கரத்தை பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் அமுங்கும் எல்லையில் உள்ள ரப்பர் தடுப்பு) வரை தூக்கி, ஸ்டியரிங்கை இருபக்கமும் கடைசிவரை திருப்புவதுதான் முறையான வழி. அதற்கு வசதியில்லை என்றால் ஃபெண்டரின் உள்மடிப்பிலும் ஸ்ட்ரட்டிலும் சிறுவர்கள் விளையாடும் களிமண்ணை 10 மி.மீ. கனத்துக்கு ஒட்டி, மெதுவாக ஓட்டி, இறுக்கிப் பிரேக் பிடித்துப் பாருங்கள். களிமண்ணில் 4 மி.மீ.தான் மிச்சம் என்றால் போட்டியில் உரசும். வளைவின் விசையில் பக்கச்சுவர் இன்னும் சாயும்.

எடையும் சுழல் எடையும்

குளியலறை எடைமேடையில் வெறுங்கையோடு ஒருமுறை, வீலைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஏறி நின்று கழித்தால் போதும். 205/50ஆர்15 டயர் சுமார் 9 கிலோ, 225/45ஆர்15 சுமார் 10. ரிம்மில்தான் வித்தியாசம் பெரிது. நல்ல இலகு ரிம் 15×8 அகலத்திலேயே 6 கிலோவை ஒட்டி இருக்கும், சாதாரண வார்ப்பு 16×7 எட்டைத் தொடும்.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ட்ரெட்டில் கூடும் ஒரு கிலோவைக் காரை முன்னே தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். ஆகவே வேகமெடுக்கும்போது கிட்டத்தட்ட இரண்டு கிலோவாகக் கணக்காகும். ரிம் பீப்பாயில் கூடும் ஒரு கிலோ 1.4 கிலோ போல நடக்கும். ஹப்புக்கு அருகே கூடினால் ஒன்றைத் தாண்டாது. இதை வீட்டிலேயே அளக்கலாம். 40 செ.மீ. விட்டமுள்ள மெல்லிய ஒட்டுப்பலகை வட்டத்தில், நடுவிலிருந்து 15 செ.மீ. தூரத்தில் மூன்று துளைகள் போட்டு, ஒரே நீளமுள்ள மூன்று நூல்களால் கூரையிலிருந்து கிடைமட்டமாகத் தொங்கவிடுங்கள். நூல்கள் செங்குத்தாக இருக்க வேண்டும், நீளம் 2 மீட்டர் இருந்தால் நல்லது. வீலைப் பலகையின் நடுவில் படுக்கவைத்து, லேசாக முறுக்கி விட்டு, 10 முழு ஆட்டத்துக்கான நேரத்தை ஸ்டாப் வாட்சில் எடுங்கள்.

பலகையோடு சேர்ந்த எடையை ஓர் ஆட்ட நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, வெறும் பலகைக்கான அதே பெருக்கலைக் கழித்தால் ஒப்பிடும் எண் வந்துவிடும். கணக்கு எப்படி வரும் என்று காட்ட ஓர் எடுத்துக்காட்டு: பலகையோடு 16.0 கிலோ, 10 ஆட்டத்துக்கு 42 நொடி என்றால் 16 × 4.2² = 282. இன்னொன்று 18.2 கிலோ, 43.5 நொடி என்றால் 344. வெறும் பலகைக்கு 7 என்று வந்தால் மிச்சம் 275-உம் 337-உம். ஒரு கிலோப் பலகையை நீக்கிப் பார்த்தால் எடை வித்தியாசம் 15 சதவீதம்கூட இல்லை, சுழற்றுவதற்கான பாரம் 22 சதவீதத்துக்கு மேல். ரிம் விட்டமும் எடையும் கூடிய 16 அங்குல ஜோடி ஆட்டோகிராஸில் பின்தங்குவதற்கு ஒரு முக்கியக் காரணம் இது. மெல்லிய பக்கச்சுவரால் திருப்பம் கூர்மையாகும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கூர்மையை 15 அங்குலத்திலேயே ரிம் அகலத்தைக் கூட்டிப் பெறலாம், எடை ஏறாமல்.

225 டயர் 7 அங்குல ரிம்மில்: இதை மட்டும் விரிவாக

அதிகம் பேர் செய்வது இரண்டாவது ஜோடியைத்தான். ரிம் ஏற்கெனவே கையில் இருக்கிறது, டயர் கம்பெனியின் அட்டவணையிலும் 225/45ஆர்15-க்கு 7 அங்குலம் பொதுவாக அனுமதி வரம்புக்குள்தான் வரும். மாட்டலாம், ஆபத்தில்லை. ஆனால் ஆட்டோகிராஸில் அந்த 225-இன் பலன் பாதிதான் கிடைக்கும்.

காரணம் பக்கச்சுவரின் சாய்வு. ட்ரெட்டின் தரையில் படும் அகலத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். 210 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 7 அங்குல ரிம் 178 மி.மீ. ஆகவே ட்ரெட் இருபக்கமும் 16 மி.மீ. ரிம்மைத் தாண்டி நிற்கிறது, பக்கச்சுவர் கீழே போகப்போக வெளியே விரிகிறது. பக்கவாட்டு விசை வந்ததும் ரிம் நகர்ந்துவிடும், ட்ரெட் சற்றுப் பின்தங்கும், வெளிப்பக்கத் தோள் மடங்கித் தரையில் தேயும். 8 அங்குல ரிம் 203 மி.மீ. இங்கே பக்கத்துக்கு 3 மி.மீ.தான் தாண்டுகிறது. பக்கச்சுவர் தூண்போல் நிற்கும், ஸ்டியரிங் சொன்னது உடனே ட்ரெட்டுக்குப் போய்ச்சேரும்.

இதைக் கண்ணால் பார்க்கச் சுண்ணாம்புக் கட்டியோ வெள்ளை ஷூ பாலிஷோ போதும். ட்ரெட்டின் ஓரத்திலிருந்து பக்கச்சுவரில் பாதிவரை மூன்று இடங்களில் கோடு போட்டு ஓர் ஓட்டம் ஓடுங்கள். பல டயர்களின் தோளில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். கோடு அந்த முக்கோணத்தின் முனைவரை அழிந்திருந்தால் காற்று சரி. அதைத் தாண்டிப் பக்கச்சுவரில் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று கூட்ட வேண்டும். ட்ரெட்டின் ஓரமே அழியவில்லை என்றால் காற்று அதிகம்.

7 அங்குல ரிம்மில் 225-இன் தோள் மடங்காமல் நிற்க இந்த எடையுள்ள காரில் முன்டயருக்கு ஏறக்குறைய 38 முதல் 40 பிஎஸ்ஐ வரை கேட்கும். அவ்வளவு காற்றில் ட்ரெட்டின் நடுப்பகுதி புடைத்து, தரையில் படும் பரப்பு குறைந்துவிடும். 8 அங்குல ரிம்மில் அதே டயர் 30-ஐ ஒட்டியே நிமிர்ந்து நிற்கும். அகலத்துக்குக் காசு கொடுத்துவிட்டு அதைக் காற்றால் திருப்பிக் கொடுப்பதுதான் இரண்டாவது ஜோடி. 7 அங்குலத்தை மாற்ற விதி இடம் தராவிட்டால், பெரும்பாலும் 205-ஏ சரியான டயர் என்பது என் முடிவு. இலகுவானது, காற்றுக்கு முரண்டு பிடிக்காது, இடம் வலம் மாறும் ஸ்லாலத்தில் சீக்கிரம் நிலைக்கு வரும். நீண்ட வளைவுகளே நிறைந்த பாதையில் மட்டும் 225 சற்று முந்தலாம்.

ஒப்பிடுவதில் ஏமாறாமல் இருக்க

ஒரே ஜோடியை ஆறு முறை ஓட்டினாலே நேரம் குறைந்துகொண்டு வரும். ஓட்டுநர் பாதையைக் கற்றுக்கொள்கிறார், தரையில் ரப்பர் படிகிறது. எனவே முதலில் ஒன்றை மூன்று ஓட்டம், பிறகு மற்றதை மூன்று ஓட்டம் ஓட்டிவிட்டு இரண்டாவதுதான் வேகம் என்று சொன்னால் அது பொய்க்கணக்கு. முதல் ஜோடி, இரண்டாவது ஜோடி, மறுபடியும் முதல் ஜோடி: இந்த வரிசையில் ஓட்டி, முதல் ஜோடியின் இரண்டு தொகுதிகளின் சராசரியோடு இரண்டாவதை ஒப்பிடுங்கள். முதல் ஜோடியின் இரு தொகுதிகளுக்குள்ளேயே இருக்கும் வித்தியாசத்தைவிட ஜோடிகளுக்கு இடையிலான வித்தியாசம் சிறியதாக இருந்தால் முடிவு எதுவும் கிடைக்கவில்லை என்றே பொருள்.

டயர்கள் ஒரே மாடலாக, ஒத்த வயதில், ஒத்த தேய்மானத்தில் இருக்க வேண்டும். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் உண்டு. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. 7 மி.மீ. ட்ரெட் உள்ள புது டயரின் கட்டைகள் நெளியும், 4 மி.மீ.க்குத் தேய்ந்தது விறைப்பாக இருக்கும். அதை ரிம்மின் குணமென்று தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஓட்டுநரை நீக்கிப் பார்க்க வட்டச் சோதனை உதவும். கோன்களால் ஒரு வட்டம் போட்டு, கோன் வட்டத்தின் ஆரத்தோடு காரின் பாதி அகலத்தையும் சேர்த்து 30 மீட்டர் வரும்படி வையுங்கள். ஒரு முழுச் சுற்றின் நேரத்தை இருதிசையிலும் எடுங்கள். பக்கவாட்டு முடுக்கம் = 39.48 × ஆரம் ÷ நேரத்தின் வர்க்கம். அதை 9.81-ஆல் வகுத்தால் ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்கு) கிடைக்கும். 11.2 நொடி என்றால் 0.96 ஜி, 10.9 நொடி என்றால் 1.02 ஜி. 0.3 நொடிக்குள் இவ்வளவு இருப்பதால் ஸ்டாப் வாட்சைக் காருக்கு உள்ளிருந்து அழுத்தாமல் வெளியே ஒருவர் நின்று மூன்று சுற்றுக்கு எடுத்து வகுப்பது நல்லது. வட்டம் பிடிப்பை மட்டும் காட்டும், திருப்பத்தின் விரைவைக் காட்டாது. அதற்கு 18 மீட்டர் இடைவெளியில் ஐந்து கோன் வைத்த ஸ்லாலம் வேண்டும். 225-ஐ 7-இலும் 8-இலும் மாற்றி ஓட்டினால் வட்டத்தைவிட ஸ்லாலத்தில்தான் வித்தியாசம் துலங்கும்.

ஒவ்வொரு ஜோடிக்கும் அதற்கேற்ற காற்றைக் கண்டுபிடித்த பிறகே நேரம் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் 34 பிஎஸ்ஐ வைத்து ஒப்பிட்டால், 34 எதற்குப் பொருந்துகிறதோ அதுதான் ஜெயிக்கும். அளவு எப்போதும் ஓட்டம் முடிந்த உடனே, சூட்டில். டயர் 10 டிகிரி சூடேறினால் காற்று சுமார் 1.5 பிஎஸ்ஐ கூடும். நாலைந்து ஓட்டத்தில் 3, 4 பிஎஸ்ஐ ஏறிவிடும், அதை இறக்காமல் விட்டால் கடைசி ஓட்டத்தில் டயர் வழுக்குகிறது என்று தோன்றும்.

கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம், மேல்பகுதி உள்ளே சாய்ந்தால் மைனஸ்) அப்படியே. ஸ்ட்ரட் காரில் உடல் சாயும்போது கேம்பர் போய்விடும், மைனஸ் 2.5 முதல் 3 டிகிரிவரை வைத்தால்தான் வெளிடயர் தட்டையாகப் படும். நிமிர்ந்து நிற்கும் பக்கச்சுவர் கேம்பர் பிழையை மன்னிப்பது குறைவு. மைனஸ் 1 டிகிரியில் இருக்கும் காரில் 8 அங்குல ரிம் எதிர்பார்த்த பலன் தராவிட்டால் குற்றம் ரிம்மில் இல்லை.

டயர் மாடலும் குறுக்கே வரும். யோகோஹாமா அட்வான் ஏ052 முதல் ஓட்டத்திலேயே பிடிக்கும், இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டினால் சூடு தாங்காமல் நழுவும். ஓட்டங்களுக்கு நடுவே தண்ணீர் தெளிக்க வேண்டிவரும். ஹான்கூக் வென்டஸ் ஆர்எஸ்4 நேர்மாறு, நீண்ட ஓட்டத்துக்கு ஆனது, குளிரில் தயங்கும். இரண்டிலும் ட்ரெட்வேர் எண் 200-தான்.

மாட்டும்போது

டயர் விளிம்பு ரிம்மில் உட்கார 40 பிஎஸ்ஐ-க்கு மேல் ஏற்ற வேண்டாம். உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, சோப்பு நீரைத் தடவி மறுபடி முயலுங்கள். இருபக்கமும் வேறான ட்ரெட் உள்ள டயரில் 'வெளிப்பக்கம்' என்ற குறியைப் பாருங்கள். புது டயரை முதல் நாளே கசக்காமல் மிதமாக ஓட்டிச் சூடேற்றி, ஒருநாள் ஆறவிட்டால் ரப்பர் நீடித்து உழைக்கும்.

நட்டை எதிரெதிராக, முதலில் 50 நியூட்டன் மீட்டர், பிறகு கார் கையேடு சொன்ன அளவு. 12 மி.மீ. ஸ்டட் உள்ள சின்னக் கார்களில் அது பெரும்பாலும் 100 முதல் 110. முதல் ஓட்டம் முடிந்து ரிம் ஆறியதும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். ஒரே நட் இரண்டாம் முறையும் தளர்ந்திருந்தால் அதை இன்னும் இறுக்காதீர்கள், கழற்றி இருக்கையின் வடிவத்தையும் ஸ்டட்டின் மரையையும் பாருங்கள். பிடிப்பு கூடக்கூட ஸ்டட்டுக்கு வரும் பாரமும் கூடுகிறது. மரை நீண்டிருந்தாலோ கழுத்தில் துரு கோடாகத் தெரிந்தாலோ அந்தச் சக்கரத்தின் எல்லா ஸ்டட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.